பின்சிறகு

காய்ந்த இலை என்றுதான் நினைத்தேன். பின்னறை ஜன்னல் திரையில், மேல் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடு நரம்பு, ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல், எல்லாம் அசல் இலை மாதிரியே இருந்தது. ஜன்னலோ மாதக்கணக்கில் சாத்திக் கிடக்கிறது. இலை எந்த வழியாக உள்ளே வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு எப்போதும் கை முந்திக்கொள்ளும், புத்தி பிறகுதான் வரும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஒரு காலை வைத்துவிட்டேன்.

“மாமி, அடிக்காதீங்க. அதுக்கு உசுரு இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த என் மருமகள் மிஸ்ரியாதான் பேசியது. என் மூத்த மகன் தௌசீப் மௌத்தான நாளிலிருந்து அவள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். தூங்கினியா, தூங்கினேன். தானாக வாயைத் திறந்து ஒரு பேச்சு வந்தது அன்றைக்குத்தான். அதுவும் ஒரு பூச்சிக்காக. என் பிள்ளைக்காகக்கூட இவள் என்னிடம் இப்படிக் கெஞ்சியதில்லையே என்று முதலில் சுருக்கென்றது. அப்புறம், பேசினாளே, அது போதும் என்று துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

தௌசீப் மஞ்சள் காமாலையில் போனான். தெர்மல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். சோர்வாக இருக்கிறது என்றபோது நானே, “ராத்திரி ஷிப்ட் பாத்தா அப்படித்தான் இருக்கும், மோரைக் குடி” என்றேன். கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. குழந்தையும் இல்லை. மிஸ்ரியா அன்றைக்கு இந்தப் பின்னறைக்குள் இத்தா உட்கார்ந்தவள்தான். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். பூ கூடாது, அத்தர் கூடாது, கலர் துணி கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அதற்காகத்தான் ஜன்னலைச் சாத்தி, கனமான பழுப்புத் திரையைத் தொங்கவிட்டிருந்தோம். அந்தத் திரையில்தான் இது வந்து உட்கார்ந்திருந்தது.

“விட்டில்தானே? சாயந்தரம் லைட்டு போட்டா பறந்துடும்” என்றேன்.

“விட்டில்தான் மாமி. ஆனா என்ன விட்டில்னு தெரியல. இவ்ளோ பெருசா நான் பாத்ததில்ல” என்று எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கால் தரையில் பட்டு நடந்ததை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. “எனக்குப் போன் வேணும்.”

அவள் போன் சார்ஜ் இல்லாமல் பீரோவுக்குள் கிடந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். அது உயிர் பிடிக்கும்வரை பிளக் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

என் மனதில் இருந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடி வைத்துப் பேச எனக்கு வராது. இத்தா முடிந்ததும் பண்ருட்டியிலிருந்து அவளைப் பெற்ற அத்தா வந்து அவளை அழைத்துப் போய்விடுவார். அவர் பலாப்பழ மண்டி வைத்திருக்கிறார், நல்ல மனிதர், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் போகக் கூடாது. தௌசீப் தூக்கத்தில் கலிமா சொல்வது போல முணுமுணுப்பான், கிட்டப் போய்க் கேட்டால் கிரிக்கெட் ஸ்கோராக இருக்கும். இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் ஒருத்தி, அவள் ஒருத்தி. அவளும் போய்விட்டால் நான் அவனைப் பற்றி யாரிடம் பேசுவது? அவன் அத்தாவிடமா? அந்த மனிதர் மகனை அடக்கம் செய்துவிட்டு வந்து ஈசிசேரில் உட்கார்ந்தவர், அவன் பேரையே எடுப்பதில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் இளைய மகன் பரீத் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணம் ஆகாதவன். மிஸ்ரியாவை அவனுக்கே நிக்காஹ் செய்துவிட்டால் அவள் இந்த வீட்டிலேயே இருப்பாள். நம்மில் நடக்காததா? எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் அப்துல் கபாரிடம் சொன்னேன். அவர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் செக்‌ஷன், அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். யோசித்துப் பேசுகிறவர், என்னை மாதிரி இல்லை.

“இத்தாவுல இருக்கற பொண்ணுகிட்ட கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது கமரு. அது ஹராம்” என்றார்.

“ஜாடையாச் சொல்லலாம்னு பள்ளிவாசல் பயான்ல ஹஜ்ரத் சொன்னாரே.”

“உனக்கு வேணுங்கறது மட்டும் காதுல விழும்.”

அந்தச் சின்ன இடுக்கு போதாதா எனக்கு? அன்றிலிருந்து ஜாடையாகவே பேசினேன். “இந்த வூடு என்னைக்கும் உன் வூடும்மா.” “பரீதுக்கு உன் கை மீன் கொழம்புன்னா உசுரு.” “நல்ல பொண்ணு கெடைக்கறது இந்தக் காலத்துல லேசா?” மிஸ்ரியா தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு வார்த்தை வராது. எனக்குள் நான் சந்தோஷப்பட்டேன். என் நிக்காஹ்வில் சாட்சிக்காரர்கள் கதவோரம் வந்து கேட்டபோது நான் வாயைத் திறந்தேனா? குனிந்த தலை நிமிரவில்லை. “பொண்ணு சம்மதிச்சிட்டா” என்று பக்கத்திலிருந்த பெரியம்மாதான் சொன்னாள். பெண்பிள்ளை சும்மா இருந்தால் சம்மதம் என்றுதானே நாமெல்லாம் கல்யாணம் கட்டியிருக்கிறோம்.

பரீத் வெள்ளிக்கிழமை போன் செய்வான். நான் வேண்டுமென்றே அந்தப் பின்னறையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவேன். கொழுந்தன் குரல் காதில் விழுந்து விழுந்து அவளுக்குப் பழகட்டும் என்று. அவள் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன் உயிர் வந்ததும் மிஸ்ரியா அந்தப் பூச்சியைப் பல பக்கத்திலிருந்து படம் எடுத்தாள். விருத்தாசலத்தில் பி.எஸ்சி. ஜுவாலஜி படித்துக்கொண்டிருந்தவள் அவள். நல்ல இடம் வருகிறது என்று இரண்டாம் வருஷத்தில் நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்த நல்ல இடம் நாங்கள்தான். பூச்சிகளை அடையாளம் சொல்கிற ஒரு வாட்ஸப் குரூப்பில் அவள் கல்லூரிக் காலத்திலிருந்தே இருந்தாளாம். அதில் படங்களைப் போட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்துகொண்டேன். பதில் வந்தது.

“இன்னான்னு சொல்றாங்க?”

“பழச்சாறு உறிஞ்சற அந்துப்பூச்சி மாமி. ஆனா அதுலயே ரெண்டு மூணு வகை இருக்காம். எல்லாத்துக்கும் மேல் சிறகு இப்படித்தான் காஞ்ச எல மாதிரி இருக்கும். உள்ள ஒரு பின்சிறகு இருக்குது. அதைப் பாத்தாத்தான் எதுன்னு சொல்ல முடியுமாம். அதுல புள்ளி இருக்கா, வளைஞ்ச பட்டை இருக்கான்னு பாக்கச் சொல்றாங்க.”

“அப்ப தொறந்து பாரேன்.”

“வேணாம் மாமி. அதுவா தொறக்கட்டும்.”

ஒரு பூச்சிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த அவள் மாமனாரையும் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தார். நேராக அதன் மேலேயே பார்த்துக்கொண்டு, “எங்கம்மா?” என்றார். பிறகு கீழே இருந்த ஒரு கறையைக் காட்டி, “இதானே?” என்றார். அது போன மாதம் நான் சிந்திய சாம்பார். மிஸ்ரியா சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று பேரும் சிரித்துவிட்டு, இந்த வீட்டில் சிரிக்கிறோமே என்று ஒரே சமயத்தில் எல்லோருக்கும் உறைத்தது. அவர் சட்டென்று திரும்பிக் கை கால் கழுவப் போய்விட்டார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் உமாராணிக்கும் விஷயம் போனது. கோயம்புத்தூர்க்காரி, தங்கமான மனசு, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து வைத்தவள். வந்து பார்த்தவள் கண் கலங்கிவிட்டாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எங்க பக்கமெல்லாம் இப்படி வூட்டுக்குள்ள வந்து உக்காந்தா, போனவங்க பாக்க வந்திருக்காங்கன்னு சொல்லுவாங்க. தம்பிதான் வந்திருக்குதோ என்னவோ.”

“எங்கள்ல அதெல்லாம் கெடையாது உமா. எம்புள்ள வந்தான்னா வாசல் கேட்டுகிட்டயே ஹாரன் அடிச்சிகினு வருவான். திரைக்குள்ள ஒளிஞ்சிகினு உக்கார மாட்டான்” என்றேன்.

சுள்ளென்றுதான் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. அவள் போன பிறகு நான் அந்தத் திரையின் முன்னால் தனியாகப் போய் நின்றேன் என்பதும் உண்மை. நம் மார்க்கத்தில் இல்லைதான். இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பகலில் அது அசையவே இல்லை. பொழுது சாய்ந்ததும் திரையில் மெதுவாக ஊர்ந்தது. மிஸ்ரியா ஒரு தட்டில் பழுத்த கொய்யாவை அறுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அது இறங்கி வந்து, சுருட்டி வைத்திருந்த நீளக் குழாயை நீட்டிப் பழத்தில் குத்தியது. அவள் தட்டுக்கு நேராகக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து பார்த்தாள். எங்கள் வேலியில் சர்க்கரைக்கு நல்லது என்று அவள் மாமனார் ஏற்றிவிட்ட சீந்தில் கொடி இருக்கிறதே, அதில்தான் இது முட்டை வைக்குமாம். புழு அந்த இலையைத்தான் தின்னுமாம். பாடப் புத்தகத்தில் படித்ததை வீட்டு வேலியிலேயே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்திருக்கிறேனே மாமி என்றாள். அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

நான் விடுவேனா? “பாத்தியா, சாப்பாடு கெடைக்கற எடம்னு தெரிஞ்சிகினு அது எங்கயும் போவாம இங்கயே கெடக்குது. அதுக்கு இருக்கற அறிவு” என்று ஒரு ஜாடையை எடுத்துவிட்டேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது, சாப்பாடும் இறங்குகிறது, இன்ஷா அல்லாஹ் இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பரீத் பேசியபோது நான் ஹாலில் இருந்தேன். லீவு கிடைத்துவிட்டது, இத்தா முடிகிற வாரம் வந்துவிடுவேன் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணி ஒத்துகினாங்களாம்மா? அவங்க வாயால சொன்னாங்களா?” என்று கேட்டான்.

“சும்மாதான் இருந்தா. பொம்பளப் புள்ள சும்மா இருந்தா சம்மதம்னு உனக்குத் தெரியாதா?”

ஈசிசேரில் கண்ணை மூடியிருந்த அவர் கண்ணைத் திறந்தார். நான் போனை வைக்கும்வரை என்னையே பார்த்தார்.

“கமரு, அது கன்னிப் பொண்ணுக்கு. ஒரு தடவ கட்டிக் குடுத்து, புருஷனக் குழியில வச்சிட்டு உக்காந்திருக்கற பொண்ணுக்கு அந்தக் கணக்கு கெடையாது. அவ வாயத் தொறந்து சொல்லணும். நபி ரசூலுல்லாஹ் சொன்னது. நீ மாத்த முடியாது.”

“சொல்லுவா. இத்தா முடியட்டும், கேட்டா சொல்லுவா.”

“சொல்லலன்னா?”

“ஏங்க, உங்களுக்கு அவ போவணும்னு இருக்குதா?”

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றுக்கும் காத்திரு, காத்திரு என்றால் எப்படி? ஒரு பூச்சியின் சிறகைப் பார்க்கக்கூடக் காத்திருக்க வேண்டுமா?

மறுநாள் மத்தியானம் மிஸ்ரியா லுஹர் தொழுது, தொழுகையை முடிக்கிற சலாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு துடைப்பக் குச்சியை உருவி, திரையில் இருந்த அதன் முதுகில் லேசாகக் குத்தினேன்.

காய்ந்த இலை இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்தது என்ன நிறம் என்று எப்படிச் சொல்ல? கல்யாண வீட்டுக் கேசரி நிறம். பளீரென்ற ஆரஞ்சு, அதில் மையால் எழுதியது போல வளைந்த கறுப்புப் பட்டை. என் கையிலிருந்த குச்சி விழுந்துவிட்டது. அது அறை முழுக்கச் சுற்றியது, டியூப் லைட்டில் மோதியது, சுவரில் மோதியது. சிறகிலிருந்து பொடி உதிர்ந்தது.

மிஸ்ரியா தொழுகை விரிப்பிலிருந்து ஓடிவந்து ஃபேனை அணைத்தாள். பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் திரையை ஒதுக்கி, ஜன்னல் கொக்கியைத் தட்டித் திறந்தாள். மாதக்கணக்கில் திறக்காத கதவு, இரண்டு தள்ளு தள்ள வேண்டியிருந்தது. வெயில் அறைக்குள் அப்படியே கொட்டியது. அந்துப்பூச்சி ஒரு முறை தடுமாறி, வெளியே கொய்யா மரத்துப் பக்கம் போய் மறைந்தது.

“பட்டைதான்” என்றேன் நான். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. “வளைஞ்ச பட்டை. நல்லாப் பாத்துட்டேன். குரூப்புல சொல்லிடு, பேரு தெரிஞ்சிடும்.”

“ஏன் மாமி குத்துனீங்க?”

“அது தொறக்கவே இல்லியே.”

“பயந்தாத்தான் மாமி அது தொறக்கும்.” கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அது அழகு காட்றதுக்கு இல்ல. கடிக்க வரதப் பயமுறுத்தறதுக்கு. இனி வழியில்லன்னு ஆனாத்தான் அதக் காட்டும்.”

“சரி விடும்மா, ஒரு பூச்சி.”

“நானும் பயந்துகினுதான் மாமி வாய மூடிகினு இருந்தேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போல, “என்னாத்துக்குப் பயம்? நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கலயே” என்றேன்.

“கேக்கலதான். தெனம் கேட்டீங்க.” அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மாமி, உங்க சின்ன மகன நான் தம்பின்னு கூப்பிட்டவ. அதுகூட மாறிப் போவும், எத்தனையோ பேரு வாழறாங்க. ஆனா அவர் குரல்? நீங்க ஸ்பீக்கர்ல போடுவீங்களே. எங்க வூட்டுக்காரர் குரல்தான் மாமி அது. அதே குரல், ‘என்னம்மா சாப்ட்டியா’ன்னு இழுக்கற அதே இழுப்பு. நான் செவுத்துப் பக்கம் திரும்பிகினு காதப் பொத்திக்குவேன். கொஞ்ச நாள்ல மறந்துடும்னு பாத்தேன். மறக்கல. அந்தக் குரலோட ஒரே வூட்ல, ஒரே ரூம்ல… தெனம் அவர் மௌத்தான சேதிய மொதல்ல இருந்து கேக்கற மாதிரி இருக்கும் மாமி. என்னால முடியாது.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பெற்றவள் நான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல் என்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே எனக்கு அந்த வெள்ளிக்கிழமை போன் தேனாக இருந்தது. எனக்கு மருந்தாக இருந்ததை அவள் காதில் ஈயமாகக் காய்ச்சி ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கு வந்த வேதனை, மகன் போன அன்றைக்கு வந்த வேதனைக்குக் குறைந்ததில்லை.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டேன். எரிச்சலாகத்தான் வந்தது, வேறு எப்படியும் எனக்கு வராது.

“உங்களப் பாத்தா எப்படிச் சொல்லுவேன்? உங்களுக்கு யாரு இருக்காங்க?” என்று அழ ஆரம்பித்தாள். “எங்க அத்தாகிட்டயும் என்னால சொல்ல முடியாது மாமி. நீங்க அவர்கிட்ட பேசிட்டீங்கன்னு தெரியும். எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி நிக்குதுங்க. அவர் மொகத்தப் பாத்தா எனக்கு ‘சரி’ன்னுதான் வாய்ல வரும்.”

உண்மைதான், சம்பந்தியிடமும் நான் போனில் ஜாடை காட்டியிருந்தேன். அவர் குரல் உடைந்துபோய், “நீங்க செஞ்சா உங்களுக்குக் கோடி நன்மைங்க” என்று சொல்லியிருந்தார்.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, பரீதிடமும் சொல்லவில்லை. ஜன்னலை மட்டும் மறுபடி சாத்தவில்லை, திரையை இழுத்துவிட்டதோடு சரி. மிஸ்ரியா குரூப்பில் வளைந்த பட்டை என்று எழுதினாள், அவர்கள் பெயரைச் சொன்னார்கள், வாயில் நுழையாத பெயர். பெயர் தெரிந்து என்ன ஆயிற்று? இருந்த பூச்சி போய்விட்டது. அவள் மறுபடி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பெண்பிள்ளைகள் ஆயிரம் சொல்வார்கள். ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் மறந்துவிடும். குரலாவது ஒன்றாவது. நான் பேசாமல் இருந்தால் போதும், அவள் இங்கேயே இருப்பாள். வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் சம்பந்தி பண்ருட்டியிலிருந்து காரில் வந்தார். பரீத் ஊர் வந்து சேர இன்னும் இரண்டு நாள் இருந்தது. மிஸ்ரியா குளித்து, அவள் அம்மா கொடுத்தனுப்பிய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அவள் ஹாலில் வந்து நின்றதைப் பார்த்ததும் அவள் அத்தா எழுந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். எதையும் முறையாகச் செய்கிறவர். “மிஸ்ரியா, இப்ப கேக்கலாம், அதனால கேக்கறேன். இது உம் மாமியோட ஆச. உங்க அத்தாவுக்கும் இஷ்டம்னு தெரியும். பரீதை உனக்கு நிக்காஹ் செய்யலாம்னு நெனைக்கறாங்க. நீ தலையக் குனிஞ்சா பத்தாதும்மா. வாயால சொல்லணும். வேணான்னாலும் சொல்லலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு அவள் அத்தாவைப் பார்த்தாள். அவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, இந்தப் பதிலுக்காகவே இத்தனை மாதம் தூங்காமல் இருந்தவர் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தா சொல்றபடி” என்றாள். தெளிவாகச் சொன்னாள். எல்லோர் காதிலும் விழுந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் சம்பந்தி. என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, பதிலும் வாயால் வந்தாயிற்று. மார்க்கப்படி ஒரு குறையும் இல்லை. நான் ஆசைப்பட்டது என் மடியில் வந்து விழுந்துவிட்டது. மிஸ்ரியா என் பக்கம் திரும்பவே இல்லை. பச்சைச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

“அவளுக்கு இஷ்டமில்ல” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. சம்பந்தி, “இன்னாங்க சொல்றீங்க? இப்பத்தான சொன்னா” என்றார்.

“உங்க மொகத்துக்காகச் சொன்னா. எங்கிட்ட வேற சொன்னா. முடியாதுன்னு சொன்னா. பரீதோட கொரல் தௌசீப் கொரலாட்டம் இருக்குது, அத வச்சிகினு வாழ முடியாதுன்னு சொன்னா. நாந்தான் யார்கிட்டயும் சொல்லாம முழுங்கிட்டேன். இப்பவும் முழுங்கியிருப்பேன்.” டீத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன். “கூட்டிகினு போங்க. வேற எடத்துல குடுக்கறதுன்னாலும் அவளக் கேட்டுக் குடுங்க. அதுக்கு முன்னாடி அந்தப் படிப்ப முடிக்க வைங்க. நல்ல எடம் வருதுன்னு பாதியில நிறுத்துனீங்களே, அந்த நல்ல எடத்தோட லட்சணத்தப் பாத்துட்டீங்க இல்ல.”

“கமரு” என்றார் என் வீட்டுக்காரர். அதட்டவில்லை. அத்தனை மாதத்தில் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தது அப்போதுதான். “பரீதுகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

சம்பந்தி வெகுநேரம் மகளைப் பார்த்தார். பிறகு டீயை எடுத்து ஆறிப்போனதைக் குடித்தார். “போயி துணிமணி எடுத்து வையிம்மா” என்றார்.

பெட்டியை நான்தான் கட்டினேன். கேட் வரைக்கும் அவளோடு போனேன். கார் கதவைத் திறந்தவள் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“பெருநாளைக்கு வருவீங்களா மாமி? பஸ் ஏறினா முக்கால் மணி நேரம்தான்.”

“வர மாட்டேன்” என்றேன். “வந்தா உன்னத் திரும்பக் கூட்டிகினு வரணும்னு தோணும். கேட்டுடுவேன். என் வாய் சும்மா இருக்காது. அதனால வர மாட்டேன்.”

நான் கையை விடுவித்துக்கொண்டு அவளைக் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். கார் பிளாக் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, அப்புறம் திரும்பியது. உமாராணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். “மருமக அம்மா வூட்டுக்குங்களாக்கா? எப்ப வரும்?” என்று கேட்டாள்.

“அவ இனி வர மாட்டா உமா” என்றேன். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.